இரண்டு இணைப்பு இருந்தால் இரண்டு வழி ஆகிவிடுமா?

2008ஆம் ஆண்டு ஜனவரி 30. எகிப்தின் அலெக்சாண்டிரியா நகருக்கு அருகே, மத்தியதரைக் கடலின் அடியில், இரண்டு கண்ணாடியிழைக் கேபிள்கள் அறுந்தன. ஒன்று சீ-மீ-வீ 4, மற்றொன்று ஃபிளாக். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே தரவைச் சுமந்த பெருந்தடங்கள் அவை. சீ-மீ-வீ 4 சென்னையிலும் மும்பையிலும் கரையேறுகிறது. அன்று எகிப்து முதல் இந்தியா வரை இணையம் தடுமாறியது. கேபிள்களின் உரிமையாளர்கள் வேறு, பெயர்கள் வேறு. ஆனால், இரண்டும் கடந்து சென்ற கடற்பகுதி ஒன்றுதான்.

கடலடியில் கிடைத்த இந்தப் பாடம், இருபது பேர் வேலை செய்யும் ஒரு சிறிய கிளை அலுவலகத்துக்கும் அப்படியே பொருந்தும். இரண்டு நிறுவனங்களிடம் இணைய இணைப்பு வாங்கிவிட்டோம், இனிக் கவலை இல்லை என்று பல அலுவலகங்கள் நினைக்கின்றன. இணைப்பை வாங்குவது தொடக்கம்தான். எந்தத் தரவு எந்த வழியில் போகும், வழி அடைபட்டதை யார் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பார், பதில் எந்த வழியாகத் திரும்பும் என்பதையெல்லாம் தீர்மானித்த பிறகே அவை இரண்டு வழிகள் ஆகின்றன.

வாசல் இடம் மாறியது

முன்பெல்லாம் கிளைகளின் தரவு முழுவதும் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கிருக்கும் ஃபயர்வால் சோதித்து வெளியே அனுப்பும். இன்று மின்னஞ்சல், கணக்கு மென்பொருள், கோப்புகள் எல்லாமே கிளவுடில் இருக்கின்றன. எல்லாவற்றையும் தலைமையகம் வரை இழுத்துச் சென்று திருப்பி அனுப்புவது வீண் சுற்று. எனவே காவலும் கிளவுடுக்கு இடம்பெயர்ந்தது. கிளையின் ரௌட்டர், பாதுகாப்புச் சேவையின் அருகிலுள்ள மையத்துடன் மறைகுறியிட்ட ஒரு சுரங்கப்பாதையை அமைத்துக்கொள்கிறது. ஐபிசெக் என்ற நெறிமுறை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. கிளையின் தரவு அந்தச் சுரங்கம் வழியே போய், சோதனைக்குப் பிறகு இணையத்தை அடைகிறது.

ஆக, அந்தச் சுரங்கம் அறுந்தால் கிளையின் வேலை நின்றுவிடும். அறுபடாமல் இருந்தாலும் அதன் கொள்ளளவுக்கு ஓர் எல்லை உண்டு. எடுத்துக்காட்டாக, அமேசானின் கிளவுடில் வழக்கமான ஒரு சுரங்கம் வினாடிக்கு 1.25 கிகாபிட் வரை சுமக்கும். விபிஎன் எனப்படும் இத்தகைய ஒவ்வொரு இணைப்புக்கும் அது இரண்டு சுரங்கங்களைத் தருகிறது. அதற்கு மேல் வேண்டுமானால் பல சுரங்கங்களை அருகருகே அமைத்துச் சுமையைப் பிரிக்கலாம்.

தொடர்கதை கலையக் கூடாது

எப்படிப் பிரிப்பது? பாக்கெட் எனப்படும் தரவுத் துண்டுகளில் முதலாவது இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி அனுப்பலாமே என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு தொடர்கதையின் அத்தியாயங்களை வெவ்வேறு பேருந்துகளில் ஏற்றி அனுப்பினால், ஐந்தாம் அத்தியாயம் மூன்றாவதுக்கு முன்பே வந்து சேரலாம். இணையத் தரவின் பெரும்பகுதியைக் கையாண்டுவரும் டிசிபி நெறிமுறைக்கு வரிசை முக்கியம். பாக்கெட்டுகள் வரிசை தவறி வந்தால், பெறும் கணினி "எனக்கு இன்னும் மூன்றாவது வரவில்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்லும். அப்படி மூன்று முறை திரும்பச் சொன்னால், அது தொலைந்துவிட்டது என்று அனுப்பும் கணினி முடிவுகட்டி, மறுபடி அனுப்பி, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். இரண்டு வழி இருந்தும் ஒரு வழியைவிட மெதுவாகிவிடும்.

இதற்கான தீர்வு, சமச்செலவுப் பலவழி. பொறியாளர்கள் ஈசிஎம்பி என்பார்கள். அனுப்புபவரின் முகவரி, பெறுபவரின் முகவரி, இருபுறத்துப் போர்ட் எண்கள், நெறிமுறை ஆகிய ஐந்து விவரங்களையும் கணக்கிட்டு, ரௌட்டர் ஒரு எண்ணை உருவாக்குகிறது. எளிமையாகச் சொன்னால், அந்த எண்ணை இரண்டால் வகுத்து மீதி 0 என்றால் முதல் சுரங்கம், 1 என்றால் இரண்டாவது. ஒரே உரையாடலின் எல்லாப் பாக்கெட்டுகளுக்கும் ஐந்து விவரங்களும் ஒன்றே என்பதால், அவை எப்போதும் ஒரே வழியில் வரிசை மாறாமல் போகும். வெவ்வேறு உரையாடல்கள் வெவ்வேறு வழிகளில் பரவும்.

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. இரவில் ஓடும் ஒரு பெரிய காப்புநகல், ஒரே உரையாடல் என்பதால் ஒரே சுரங்கத்தில்தான் போகும். பக்கத்துச் சுரங்கம் காலியாகக் கிடந்தாலும் அதற்கு உதவாது. இத்தகைய பேருரையாடல்களை யானை என்றும், சிறியவற்றை எலி என்றும் பொறியாளர்கள் அழைக்கிறார்கள். வகுத்தல் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. நான்கு வழிகளில் ஒன்று அறுந்து, நான்கால் வகுத்ததை இனி மூன்றால் வகுத்தால், நான்கில் மூன்று பங்கு உரையாடல்கள் இடம் மாறிவிடும். பழுதான வழியில் இருந்தது நான்கில் ஒரு பங்குதான் என்றாலும் இந்த நிலை. அறுந்த வழியின் உரையாடல்களை மட்டும் நகர்த்தும் ஏற்பாடு உங்கள் கருவியில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மேலும், 'சமச்செலவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். 500 மெகாபிட் ஃபைபரையும் 20 மெகாபிட் 4ஜி இணைப்பையும் சமமாக வைத்தால், பாதி உரையாடல்கள் நாள் முழுக்கக் காத்திருக்கும். இணைப்புகள் ஏற்றத்தாழ்வாக இருந்தால், அளவுக்கேற்ற பங்கு கொடுக்க வேண்டும். அல்லது சிறியதை மாற்று வழியாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

பச்சை விளக்கு சொல்லாத செய்தி

தெருவில் பள்ளம் தோண்டும்போது கேபிள் அறுந்தால், அறை ரௌட்டரின் விளக்கு உடனே அணையும் என்று எதிர்பார்க்கிறோம். அறுந்தது நாற்பது கிலோமீட்டர் தள்ளி என்றால் விளக்கு பச்சையாகவே எரியும். ரௌட்டர் நம்பிக்கையோடு பாக்கெட்டுகளை வெற்றிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

வழிகளை அறிவிக்கும் பிஜிபி நெறிமுறைக்கு இதைக் கண்டுபிடிக்கத் தெரியும். 1989இல் கிர்க் லாஹீட், யாகவ் ரெக்டர் ஆகிய இருவர் மதிய உணவின்போது கைதுடைப்புத் தாள்களில் வரைந்து தொடங்கிய நெறிமுறை அது. இன்று உலக இணையமே அதன்மீது நிற்கிறது. ஆனால் அது பொறுமைசாலி. எதிர்முனையிலிருந்து செய்தி வராவிட்டால் 90 வினாடி காத்திருக்கலாம் என்பது அதன் விதிநூல் தரும் பரிந்துரை. சில கருவிகளில் அது 180 வினாடி. தொலைபேசி அழைப்போ பணப் பரிமாற்றமோ அவ்வளவு நேரம் தாங்காது.

எனவே பக்கத்தில் வேகமான ஒரு காவலாளி வேண்டும். பிஎஃப்டி என்ற நெறிமுறை அந்த வேலையைச் செய்கிறது. 300 மில்லி வினாடிக்கு ஒருமுறை "இருக்கிறாயா?" என்று கேட்கவும், மூன்று முறை பதில் வராவிட்டால் வழி அடைபட்டது என்று அறிவிக்கவும் அதை அமைக்கலாம். ஒரு வினாடிக்குள் செய்தி தெரிந்துவிடும். ஆனால் அதிக அவசரமும் ஆகாது. கணத்துக்கொருமுறை விழுந்து எழும் இணைப்பை நம்பி உடனுக்குடன் வழிமாற்றினால், எந்த வழியும் நிலைக்காது. விழுந்ததை உடனே நம்பலாம். எழுந்ததை நம்ப, சில நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

போன வழியே திரும்ப வேண்டும்

ஃபயர்வால் ஒவ்வொரு உரையாடலையும் நினைவில் வைத்திருக்கிறது. தான் அனுமதித்த கேள்விக்கு வரும் பதிலை மட்டுமே அது உள்ளே விடும். கேள்வி முதல் சுரங்கத்தில் போய், பதில் வேறொரு மையம் வழியே இரண்டாவது சுரங்கத்தில் வந்தால், அங்குள்ள காவலுக்கு இந்த உரையாடல் தெரியாது, தடுத்துவிடும். இணைப்புகள் இரண்டும் நன்றாக இருந்தும் இணையப் பக்கம் திறக்காத புதிருக்கு இது அடிக்கடி காரணம். ஆகவே கிளையின் பக்கமும் கிளவுடின் பக்கமும் ஒரே முன்னுரிமை வரிசையைக் கொடுப்பது அவசியம்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. முதன்மை இணைப்பைச் சுரங்கத்தில் விட்டு, மாற்று இணைப்பை நேராக இணையத்தில் திறந்துவைப்பது. முதன்மை விழும் நாளில் வேலை தொடரும், காவல் தொடராது. நெருக்கடி நேரத்தில் திறக்கும் வழிக்கும் அதே காவல் வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வி

அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பால் பாரன் 1964இல் வெளியிட்ட ஆய்வறிக்கைகளின் அடிப்படைச் சிந்தனையே, ஒரு வழி அறுந்தாலும் வேறு வழி இருக்க வேண்டும் என்பதுதான். அணுகுண்டுத் தாக்குதலையும் தாங்கும் தொடர்பு வலையை எப்படிக் கட்டுவது என்று அவர் கணக்கிட்டார். வலையை இணைக்கத் தேவையான குறைந்தபட்ச இணைப்புகளைப் போல மூன்று, நான்கு மடங்கு இருந்தாலே வலை வியக்கத்தக்க வகையில் தாக்குப்பிடிக்கும் என்று கண்டார். அந்தக் கணக்கில் இணைப்புகள் உண்மையிலேயே தனித்தனியானவை. இரண்டு நிறுவனங்களின் ஃபைபரும் ஒரே குழாயில் படுத்திருந்தால் அந்தக் கணக்கு செல்லாது.

2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் சேதமடைந்தபோது, மைக்ரோசாஃப்டின் அஸூர் சேவையில் தாமதம் கூடியது. ஆனால் சேவை நிற்கவில்லை. தரவு வேறு தடங்களில் சுற்றிச் சென்றது. தனித்தனி வழிகள் இருந்ததன் பலன் அது.

உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு இணைப்பு இருந்தால், இரு நிறுவனங்களிடமும் கேபிள் எந்தத் தெரு வழியே, எந்தக் கம்பத்தில், எந்தக் குழாயில் வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஒன்று ஃபைபர் என்றால் மற்றொன்று அலைவழி இணைப்பாக இருக்கட்டும். பிறகு, வேலை முடிந்த ஒரு சனிக்கிழமை மாலையில், முன்னறிவிப்புச் செய்துவிட்டு, முதன்மைக் கேபிளை உங்கள் கையாலேயே கழற்றுங்கள். எத்தனை வினாடியில் வழி மாறுகிறது, பேசிக்கொண்டிருந்த அழைப்பு பிழைக்கிறதா, மாற்று வழியிலும் காவல் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து மற்றதைக் கழற்றுங்கள். இந்தச் சோதனையில் தேறிய பிறகுதான் உங்களிடம் இரண்டு வழி இருக்கிறது என்று சொல்லலாம்.