விரல் மடங்காத விடியற்காலை

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து ஷூ கம்பெனிகளில் மேல்தோல் தைக்க உட்காருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கை வலித்தால், ‘நாளெல்லாம் தைத்தால் வலிக்காதா’ என்று தைலம் தேய்த்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறிவிடுவார்கள். பல நேரம் காரணம் அதுதான். ஆனால் உழைத்த வலி வேலை செய்தால் கூடும், ஓய்ந்தால் குறையும். முடக்குவாதம் நேர்மாறு. தூங்கி எழும்போது விரல் மடங்காது, டிபன் பாக்ஸ் மூடியைத் திருக வராது. ஒரு மணி நேரம் போல கை ஓடிய பிறகுதான் தளரும். பெரும்பாலும் இரண்டு கையிலும் மணிக்கட்டும் விரல்களின் அடிக்கணுவும் வீங்கும், நுனிக்கணு தப்பிவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

மூட்டின் உட்புறம் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. கலகம் அங்கேதான். கிருமியைப் பிடிக்க வேண்டிய டி செல்கள், சற்றே உருமாறிய சொந்தப் புரதத்தை எதிரி என்று எண்ணி பி செல்களை உசுப்புகின்றன. அவை எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. ‘ஆன்ட்டி சிசிபி’ பரிசோதனையில் தெரிபவை இவையே. வீக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பேகூட ரத்தத்தில் இருக்கலாம். அடுத்து மேக்ரோபேஜ் செல்கள் டிஎன்எஃப், ஐஎல்-6 என்ற ரசாயனங்களைக் கொட்டுகின்றன. சவ்வு தடித்துக் குருத்தெலும்பின்மேல் படர, எலும்பைக் கரைக்கும் செல்களும் விழித்துக்கொள்கின்றன. அரித்த எலும்பு திரும்பாது. ‘சிக்குன்குனியா வலிதான், போய்விடும்’ என்று மாதக்கணக்கில் காத்திருப்பது அதனால்தான் ஆபத்து.

மருந்துகளும் இந்தச் செல்களைக் குறிவைப்பவையே. லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் 1992இல் லண்டனில் டிஎன்எஃபைத் தடுத்துப் பார்த்தார்கள், வீக்கம் வடிந்தது. பி செல்களைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் பின்னர் வந்தது. ஆனால் இன்றும் முதலில் எழுதப்படுவது மலிவான மெத்தோட்ரெக்ஸேட்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவின் தலைமையில், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் புற்றுநோய்க்காக உருவான மருந்து அது.

வேலூர் சிஎம்சியில் இதுபோன்ற வாத நோய்களுக்கெனத் தனித்துறை இருக்கிறது. டிஎன்எஃபைத் தடுக்கும் ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். உறங்கும் கிருமியை அடக்கி வைத்திருப்பதும் அதே டிஎன்எஃப்தான். மெத்தோட்ரெக்ஸேட்டை வாரம் ஒரு நாள் மட்டுமே விழுங்க வேண்டும். தினமும் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.