முட்டுக்கட்டையும் மூலைப் பொருத்தும்

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலை மாட வீதிகளில் ஐந்து தேர்கள் ஓடும். பெரிய தேருக்கு முட்டுக்கட்டை போடும் கணத்தைக் கவனியுங்கள். சக்கரம் சட்டென்று நிற்கும். மேலே இருக்கும் பாரம் மட்டும் இன்னும் முன்னே போகப் பார்க்கும். அந்த உந்தலைத் தாங்குபவை குறுக்குச் சட்டமும் நெடுக்குச் சட்டமும் சந்திக்கிற மூலைகள். ரமணாசிரமத்துப் பக்கம், செங்கம் சாலையில் யாரோ ஒருவர் வீட்டுக்குச் செய்யும் புத்தக அலமாரியும் இதே போன்ற பக்கவாட்டு விசையால்தான் ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கிறது.

மரம் என்பது நீளவாக்கில் ஓடும் நார்களின் கட்டு. நாரின் போக்கில் இழுத்தால் அசைந்து கொடுக்காது. நார்களுக்கு நடுவே கோடாரி இறங்கினால் எளிதில் பிளந்துவிடும். அறுத்த முனையில் பசையும் சரியாக நிற்பதில்லை, திறந்த துளைகள் அதை உறிஞ்சிவிடும். அதனால் 45 பாகையில் சீவி ஒட்டிய மூலை படச்சட்டத்துக்குப் போதும். ஆள் உட்காரும் முக்காலிக்கு அதை நம்ப மாட்டேன்.

கழுந்தும் (சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கு) அது நுழையும் துளையும் வேறு வழியில் வேலை செய்கின்றன. ஒரு சட்டத்தின் நார்கள் அறுபடாமல் இன்னொன்றின் உடலுக்குள் நுழைகின்றன. கழுந்தின் இரு பக்கங்களும் பசை பிடிக்க அகலமான இடம் தருகின்றன. கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். கூடினால் துளையின் சுவர் பிளக்கும், குறைந்தால் கழுந்தே முறியும். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்கு அருகே கண்டெடுத்த கற்காலக் கிணறுகளில், ஆப்பு வைத்து இறுக்கிய கழுந்துகள் இருக்கின்றன. அந்தக் கருவாலி மரங்கள் கி.மு. 5469க்கும் 5098க்கும் இடையே வெட்டப்பட்டவை. இரும்பு தெரியாத மனிதர்கள் கல் உளியால் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை நினைக்க நினைக்க வியப்பு அடங்கவில்லை.

மூலைக்கு இன்னொரு எதிரி ஈரம். பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் சுமார் 5.8 சதவீதமும், மையத்திலிருந்து பட்டை நோக்கி 2.5 சதவீதமும் சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கதவுச் சட்டத்தில் ஒன்றின் அகலமும் மற்றதன் நீளமும் சந்திப்பதால், கோடையில் ஒன்று சுருங்க, மற்றது நகர மறுக்கும். இதனால்தான் அகலமான கழுந்தை ஒரே துண்டாக விடாமல் இரண்டாகப் பிரிக்கிறார்கள். பெட்டியின் மூலையில் இரு பலகைகளும் ஒரே திசையில் சுருங்குகின்றன, சண்டையே இல்லை. அங்கே புறாவின் வால்போல் விரிந்த பற்கள் கோத்துக்கொள்ளும் புறாவால் பொருத்துதான் சரி. இழுப்பறையின் முகப்பை எத்தனை முறை இழுத்தாலும், விரிந்த வால் அந்தத் திசையில் வெளியே வர முடியாது.

எனவே பொருத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இழுப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். பசையை நம்ப முடியாத இடத்தில் மரமுளை அடிக்கலாம். கழுந்திலுள்ள முளைத்துளையை மட்டும் அதன் தோள் (கழுந்து தொடங்கும் இடம்) பக்கமாக ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டால், முளை இறங்க இறங்க மூட்டு தானாக இறுகும்.