நாள் குறிக்க நம்பர் எதற்கு?

குமணன்சாவடியில் பத்தாம் வகுப்பு ஒன்றாகப் படித்த நாற்பது பேர், இருபது வருடம் கழித்துச் சந்திக்கப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் என்று இடம் முடிவாகிவிட்டது, நாள்தான் இழுக்கிறது. ஒருவர் பூந்தமல்லியிலேயே இருக்கிறார், ஒருவர் ஆவடியில், இன்னொருவர் சிங்கப்பூரில். உடனே ஒரு வாட்ஸ்அப் குழு. சேர்ந்த நிமிடமே எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பள்ளியில் பேசியே இராத ஒருவர் இரவு பதினொரு மணிக்கு 'ஹாய்' அனுப்புவார். பெண்கள் சிலர் ஓசையில்லாமல் குழுவை விட்டு விலகுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நாள் குறிப்பதற்கென்றே இணையச் செயலிகள் உண்டு. பெயர்பெற்றது டூடுல், 2007இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கியது. தேதிகளை வரிசையாக இட்டுச் சுட்டியை அனுப்பினால், தோதான நாளில் ஒவ்வொருவரும் டிக் அடிக்கலாம். சௌகரியம்தான். ஆனால் எந்தச் சனிக்கிழமை யார் ஊரில் இல்லை என்ற பட்டியல் எங்கோ ஒரு சர்வரில் போய் உட்கார்ந்துவிடுகிறது. வெளியூர் போகிறோம் என்று வாசல் கதவில் எழுதி ஒட்டுவோமா?

பிரான்சின் ஃபிரமாசாஃப்ட் அமைப்பு நடத்தும் ஃபிரமாடேட்டில் கணக்கே தொடங்க வேண்டாம். குரூடுல் என்ற திறந்த மூலச் செயலி இன்னும் ஒரு படி மேல். அதன் சூட்சுமம் # என்ற குறியில் இருக்கிறது. இணைய முகவரியில் அந்தக் குறிக்குப் பின்னால் வருவதை உலாவி சர்வருக்கு அனுப்புவதில்லை. ஒரே பக்கத்துக்குள் இங்கிருந்து அங்கே தாவுவதற்காக வைத்த பழைய ஏற்பாடு. அந்த இடத்தில் சாவியை வைத்துவிடுகிறார்கள். பெயரும் தேதியும் நம் கைபேசியிலேயே பூட்டப்பட்டு, புரியாத எழுத்துக் குவியலாகத்தான் சர்வருக்குப் போய்ச்சேரும். பெட்டியைச் சுமக்கிறவரிடம் சாவி இல்லை.

ஓட்டையும் உண்டு. சுட்டியைச் சொந்தக்காரர் குழுவுக்கு யாராவது ஃபார்வேர்டு செய்தால் சாவியும் கூடவே போகும். எந்த ஐபி முகவரியிலிருந்து எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்பது சர்வருக்குத் தெரியும். பூட்டுகிற நிரலையும் அதே சர்வர்தான் அனுப்புகிறது. நடத்துகிறவர் அதைத் திருத்திவிட்டால் பூட்டு வெறும் அலங்காரம்.

நம்மூர் இளைஞர் ஒருவர் இப்படி ஒன்றைக் கட்டினால்? மின்னஞ்சலும் எண்ணும் கேட்க வேண்டாம். 'கடைசி பெஞ்ச்' என்று பட்டப்பெயர் போட்டாலே போதும். பின்தொடரும் விளம்பர நிரல் கூடாது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னே ஓடுவதால், நேரத்தை உலகப் பொது நேரத்தில் வைத்து அவரவர் கடிகாரப்படி காட்ட வேண்டும். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம் என்று சாம்பல் நிறம் பூசினால் பாதி வாக்குவாதம் மிச்சம். நட்சத்திரம், ராசி மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதல் வாங்கினாலும் அது காரியத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே செல்லும். தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம். வீட்டு விசேஷத்துக்கு நாம் எழுதிவைக்கும் பட்டியலை அந்தச் சட்டம் தொடாது. செயலி நடத்துகிறவரைத் தொடும்.

சந்திப்பு முடிந்த மறுவாரம் அந்தச் சுட்டியைத் தட்டினால் வெற்றுப் பக்கம்தான் வர வேண்டும். அன்று எடுத்த குரூப் போட்டோ அதற்குள் எத்தனை குழுவுக்குப் போயிருக்குமோ, அது செயலியின் கையில் இல்லை.