மழையைக் கேட்டுவிட்டு லீவு போடுங்கள்: கண்டியிலிருந்து நக்கிள்ஸ் மலைக்கு

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் கண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் கைபேசியில் பனிச்சறுக்கு வீடியோவைக் காட்டி, “நாமளும் இப்படி ஒரு மலைக்குப் போவமா?” என்று கேட்கிறார்கள். நம் நாட்டில் அதற்கு வழியில்லை. நமது மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2,524 மீற்றர். காஷ்மீரின் குல்மார்க்கில் சறுக்குத்தளத்தின் அடிவாரமே அதைவிட உயரம். அதோடு அது வெகு வடக்கே இருக்கிறது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லின்மேல் வெள்ளையாகப் படிவது உறைபனி. வெயில் ஏறினால் போய்விடும்.

ஆனாலும் பனிச்சறுக்குக்குப் போகிறவர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. அவர்கள் முதலில் பனி எப்படியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அறை, வாகனம், லீவு எல்லாம் அதற்குப் பிறகுதான். நாம் லீவைப் போட்டு, வானைப் பேசி, சொந்தக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, கடைசி இரவில்தான் மழை வருமா என்று கேட்கிறோம். கண்டிக்கு வடகிழக்கே எழும் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு, அதாவது தும்பறை மலைக்கு, அப்படிப் போகவே கூடாது.

எனவே முதல் வேலை மாதத்தைத் தெரிவுசெய்வது. இந்த மலைத்தொடர் இரண்டு பருவக் காற்றுகளுக்கும் குறுக்கே நிற்பதால் இரண்டு மழையும் இதில் மோதுகிறது. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியையொட்டி நவம்பர் முதல் ஜனவரி வரை மழை பலமாக இருக்கும். பிள்ளைகள் கேட்கும் அந்த டிசம்பர்தான் இங்கே மிக மோசமான காலம். மார்ச் பிற்பகுதியிலும் ஏப்ரலிலும் காலை தெளிவாக விடிந்தாலும் பின்னேரம் இடியும் மழையும் வரும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று மேற்குச் சரிவை நனைத்துவிட்டுப் போகும். கிழக்குப் பக்கம் ஓரளவு காய்ந்திருக்கும், காற்று மட்டும் ஆளைத் தள்ளும். என்னைக் கேட்டால் பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. குடும்பத்தோடு போக அதுதான் ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்டில் போவதென்றால் எசல பெரஹெர நாட்களைப் பார்த்துத் தள்ளிவையுங்கள். கண்டிக்குள் வீதிகளை மூடிவிடுவார்கள், அறை வாடகையும் ஏறிவிடும்.

அடுத்தது எந்தப் பக்கம் என்பது. கண்டியிலிருந்து இரண்டு வாசல்கள். ஒன்று மாத்தளை வழி: 26 கிலோமீற்றர் போய் மாத்தளை, அங்கிருந்து ரத்தொட்டை, பிறகு வளைந்து ஏறினால் ரிவர்ஸ்டன். காலையில் புறப்பட்டு இருட்டுமுன் வீடு திரும்பலாம். மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு மலை ஏறுகிற குடும்பங்கள் நிறைய. ரிவர்ஸ்டனைத் தாண்டினால் பிட்டவல பத்தனை, பாறைமேல் மெல்லிய மண்ணும் குட்டைப் புல்லுமாக விரிந்து திடீரென்று பள்ளத்தில் முடியும் இடம். விளிம்பில் கம்பிவேலியை எதிர்பார்க்காதீர்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

மற்றது திகனை வழியாக மஹியங்கனை வீதியில் ஹுன்னஸ்கிரிய சென்று, அங்கே இடப்பக்கம் திரும்பி, லூல்வத்தையைக் கடந்து கோர்பெட்ஸ் கெப் ஏறி, மறுபக்கம் மீமுரே கிராமத்துக்கு இறங்குவது. லக்கேகல பாறை கூர்மையாக நிமிர்ந்து நிற்பதை அங்கேதான் கிட்ட நின்று பார்க்கலாம். இதற்கு ஓர் இரவாவது தங்க வேண்டும். பாதை ஒடுக்கம், எதிரே வாகனம் வந்தால் பின்னுக்கு எடுத்துத்தான் வழிவிட வேண்டும். தாழ்வான கார் வேண்டாம். மலைப்பாதை பழகிய உள்ளூர்ச் சாரதியைப் பிடியுங்கள்.

மீமுரேயில் ஊர்வீடுகளிலேயே அறையும் சாப்பாடும் கிடைக்கும். எத்தனை பேர், எத்தனை வேளை என்று முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அங்கே போய்க் கேட்டால் அரிசியே அப்போதுதான் அடுப்பில் ஏறும். காட்டுக்குள் நடப்பதற்கு வன பாதுகாப்புத் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டிலிருந்து பாதுகாக்கப்பட்ட வனம், 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. கூடாரம் அடிக்க அனுமதித்த இடங்கள் மட்டுமே உண்டு. வழிகாட்டி இல்லாமல் ஒற்றையடிப் பாதையில் இறங்காதீர்கள். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் பாதை தெரியாது.

பைக்குள் என்ன வைப்பது? மலையில் ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஆறு பாகைக்குமேல் குறையும். கண்டி சுமார் 500 மீற்றர், நக்கிள்ஸின் உச்சியான கொம்பனிய 1,906 மீற்றர். கணக்கு அதிலேயே இருக்கிறது. ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், ரெயின்கோட், டோர்ச், மாற்றுடுப்பு, ஒரு துவாய். குடை அங்கே உதவாது, ரிவர்ஸ்டன் காற்று அதைப் பிரித்துப் போட்டுவிடும். சோற்றுப் பார்சலை வாழையிலையில் கட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட அட்டைக்குத் தயாராகுங்கள். மழை பெய்த மறுநாள் காட்டுப் பாதையில் ஒரு நிமிடம் நின்று காலடியைப் பாருங்கள். நனைந்த சருகின்மேல் நூல் தடிப்பில் ஒன்று வாலை ஊன்றி எழுந்து நின்று நம் பக்கம் தலையை ஆட்டும். சப்பாத்தின் கயிற்றுத் துளைக்குள்கூட நுழையும். கடித்தது வலிக்காது, காலுறை ஈரமாகிச் சிவந்த பிறகுதான் தெரியும். அதன் எச்சிலில் இரத்தம் உறையாமல் செய்யும் பொருள் இருப்பதால், அது விழுந்த பிறகும் கசிவு நிற்க நேரமாகும், பயப்பட ஒன்றுமில்லை. நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, முழங்கால் வரை சவர்க்காரத்தை ஈரமாகத் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் ஏறாது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நம் பெண்களிடம் கேட்டால் இதற்கு இன்னும் நாலு வழி சொல்வார்கள். ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காமல், வாய்ப் பக்கம் நகத்தை ஓட்டிக் கழற்றுங்கள்.

அட்டைக்குப் பயந்து காலையே பார்த்து நடந்தால் மற்றதெல்லாம் தவறிவிடும். மூக்கின் நுனியில் இலைபோலத் தட்டையான சதையோடு ஒரு ஓணான் மரக்கிளையில் அசையாமல் ஒட்டியிருக்கும். உலகிலேயே இந்த மலைத்தொடரில் மட்டும் வாழ்கிற இனம் அது. வழிகாட்டியிடம் கேட்டால் காட்டுவார். தொட வேண்டாம்.

புறப்படுவதற்கு முந்தின இரவு ஒரு கடைசிச் சோதனை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. நீங்கள் போகும் பிரதேச செயலகப் பிரிவுக்கு மஞ்சள் விழுந்திருந்தாலே பயணத்தை நிறுத்துங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் என்ன செய்தது என்பதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். வீடுகளோடு மனிதர்கள் மண்ணுக்குள் போனார்கள். வானுக்குக் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும். தங்கப்போகும் வீட்டுக்காரரிடம் பாதை திறந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். அவருக்குத் தெரிந்த அளவு எந்த அறிவிப்பிலும் இருக்காது. வழியில் நிலத்தில் புதிய வெடிப்பு, தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்குவது, சாய்ந்த மரம், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த இடத்தில் நிற்காமல் விலகுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்ஸுக்கு 1990. சிக்னல் இல்லாத இடங்கள் உண்டு என்பதால் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

காலை ஐந்தரைக்கெல்லாம் கண்டியை விட்டுவிடுங்கள். நடையைப் பகல் இரண்டு மணிக்குள் முடியுங்கள். பொலித்தீனைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பிளேன்டீ, பழம், மிளகு, எதையும் மலையிலுள்ள ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். வாகனத்தை நிரப்பிக்கொண்டு போய் அங்கே குப்பையை மட்டும் விட்டுவருவது அந்த ஊர்களுக்குச் செய்யும் அநியாயம். சின்னப் பிள்ளைகளோடு முதல் தடவை போகிறவர்கள் ரிவர்ஸ்டன் பக்கமே போங்கள். மீமுரேயை அடுத்த பெப்ரவரிக்கு வைத்துக்கொள்ளலாம்.