குளத்து நீரும் குழந்தைகளின் கண்களும்

முள் தைத்த விரல் சிவந்து வீங்குவதை நாம் அறிவோம். அவ்வீக்கம் உடலின் தற்காப்பு முயற்சியேயாகும். ஆயினும், அது கண் போன்ற நுண்ணிய உறுப்பில் நேர்ந்தால் பார்வைக்கே கேடு விளையும்.

1976-ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கப்பெற்ற அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சி இதற்கோர் எடுத்துக்காட்டாகும். கிராமக் குளங்களில் குளித்த சிறுவர் பலருக்குக் கண்ணில் சிறு கட்டிகளும் வீக்கமும் தோன்றின. ஒருவகைத் தட்டைப்புழுவே இதற்குக் காரணம் என்பதை 2001-இல் வெளியான ஆய்வு உணர்த்திற்று. சிறுவர் குளித்த நீரிலிருந்த நத்தைகள் வெளிவிடும் புழுக்குஞ்சும், கட்டியில் கண்ட புழுவும் ஒன்றே என்பதை 2016-இல் வெளியான மரபணு ஆய்வு மெய்ப்பித்தது. நத்தை, மீன், பறவை என வாழவேண்டிய இப்புழு, வழிதவறி மனிதக் கண்ணை அடைகிறது. அதனை எதிர்த்து உடல் எழுப்பும் வீக்கமே கண்ணை வருத்துகிறது.

ஆதலின் பெற்றோர்களே, நத்தை மலிந்த குளத்தில் சிறுவரைக் குளிக்க விடலாகாது. ஊராட்சி மன்றங்கள் அவர்கள் குளிக்கக் குழாய் நீர் வசதி செய்து தருதல் வேண்டும். கண் சிவந்தால் கைமருந்திட்டுக் காலங்கடத்தாது மருத்துவரை நாடுங்கள். குழந்தை எந்தக் குளத்தில் குளித்தது என்பதையும் மறவாது கூறுங்கள்.