கான்டெசா இன்ஜினுக்கு எந்த சிலிண்டர் ஹெட்? பெரிய வால்வு ஆசையில் மாட்டிக்காதீங்க!

அமெரிக்காவுக்கு மஸ்டங், கமாரோ. நம்ம நாட்டில் 'மசில் கார்' என்றாலே பலரும் சொல்வது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெசாவைத்தான். 1984-ல் வந்த இந்த கார், 2002-ல் தயாரிப்பு நின்றுபோனது. ஷெட்டில் தூங்கும் கான்டெசாவுக்கு இன்ஜின் வேலை பார்க்க இறங்கினால், பெரிய செலவு சிலிண்டர் ஹெட்டில்தான் காத்திருக்கும்.

ஹெட் ஏன் இவ்வளவு முக்கியம்? காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வழி, புகை வெளியேறும் வழி, வால்வுகள், எரியும் அறை எல்லாமே அதில்தான் இருக்கின்றன.

முதலில் பானெட்டைத் திறந்து எந்த இன்ஜின் என்று பாருங்க. ஆரம்பகால கான்டெசாவில் இருந்தது அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின். பிறகு வந்தது இசுசு 1817 சிசி.

1489 சிசி இன்ஜினா?

இது இங்கிலாந்தின் பிஎம்சி 'பி சீரிஸ்' வகை. இரும்பு ஹெட். நாலு சிலிண்டருக்கும் சேர்த்து காற்று போக இரண்டே வழிகள். அதே குடும்பத்தைச் சேர்ந்த 1798 சிசி எம்ஜிபி காரின் ஹெட்டில் வால்வு பெரிசு, அதை மாட்டினால் பறக்கும் என்று யாராவது சொல்வாங்க. அவசரப்படாதீங்க.

அந்த ஹெட்டின் எரியும் அறை பெரிய சிலிண்டருக்காகச் செய்தது. நம்ம இன்ஜினில் ஒரு சிலிண்டர் 372 சிசி. உதாரணத்துக்கு, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே 53 சிசி இடம் இருந்தால் கம்ப்ரஷன் சுமார் 8. அதுவே 60 சிசி ஆனால் 7.2. காசு கொடுத்து பவரைக் குறைத்துக்கொண்ட கதைதான்! போதாததற்கு, பெரிய வால்வு பிளாக்கின் விளிம்பில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அதைவிட, சொந்த ஹெட்டிலேயே புது வால்வு கைடு, கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட் போடுவது நல்லது. பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் சீட் தேயாமல் காத்தது. 2000-ல் நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டுவிட்டது.

இசுசு இன்ஜினா?

இதில் ஒரு வசதி. அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட்-டிலும் இதே இன்ஜின்தான். அதனால் பழைய அம்பாசடர் ஹெட்டையும் தேடலாம். ஆனால் இது அலுமினியம், கீழே பிளாக் இரும்பு. விருதுநகர் அக்னி நட்சத்திர வெயிலில் ரேடியேட்டர் தண்ணி வற்றி ஒருமுறை கொதித்தாலே ஹெட் வளைந்துவிடும்.

வளைவை ஸ்டீல் ஸ்கேலும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்கலாம். விரிசலுக்கு பிரஷர் டெஸ்ட் அவசியம். பலர் கேட்க மறக்கும் கேள்வி: இதை ஏற்கெனவே எவ்வளவு மில்லிமீட்டர் ஸ்கிம்மிங் செய்திருக்காங்க? இதில் கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே இருக்கிறது. ஹெட்டைச் சீவச் சீவ கேம் கீழே இறங்கும், டைமிங் செயின் தொய்யும், வால்வு தாமதமாகத் திறக்கும். கம்ப்ரஷனும் ஏறி, வெயிலில் மேடு ஏறும்போது இன்ஜின் 'டக் டக்' என்று தட்ட ஆரம்பிக்கும். அதிகம் சீவிய ஹெட் மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்க.

ஆர்டிஓ சிக்கல் வருமா? இன்ஜின் நம்பர் பிளாக்கில்தான் இருக்கும். ஹெட் மட்டும் மாற்றினால் அந்த நம்பர் மாறாது. முழு இன்ஜினையே மாற்றினால் ஆர்சி-யில் பதிந்தே ஆக வேண்டும்.