கம்ப்யூட்டர் தானா ரீஸ்டார்ட் ஆகுதா? ஃபார்மட் போடும் முன் இன்வெர்ட்டர் ஸ்விட்ச்சைப் பாருங்க!

ஃபேன் ஓடுகிறது, லைட் எரிகிறது. டெஸ்க்டாப் மட்டும் ‘டப்’பென்று அணைந்து, தானாகவே மறுபடி ஆன் ஆகிறது. பாதி போட்ட ஜிஎஸ்டி பில்லும் போச்சு, ஆபீஸ் மீட்டிங்கும் போச்சு. கடைக்குத் தூக்கிப் போனால், “வைரஸா இருக்கும், ஃபார்மட் போட்டுடலாம்” என்பார்கள். தலையாட்டுவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள். ஒவ்வொரு முறை ரீஸ்டார்ட் ஆகும்போதும் நேரம் என்ன, என்ன வேலை ஓடியது, லைட் சிமிட்டியதா என்று போனில் குறித்து வையுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

தேனி மாவட்டத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கம்ப்யூட்டரை அல்ல, கரண்டை.

காற்று சீசனில் என்ன நடக்கிறது?

தமிழ்நாட்டில் காற்றாலைகளுக்குப் பெயர்போன கணவாய்களில் கம்பமும் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று, தென்னை மட்டையையும் மரக்கிளையையும் மின்கம்பியில் உரசவைக்கிறது. கரண்ட் முழுசாகப் போகாது, ஒரு சிமிட்டு சிமிட்டும். தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் வோல்டேஜ் இறங்குவதும் இதே கதைதான்.

நம் மின்சாரத்தில் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ், கரண்ட் நின்றால் முழு லோடில் சுமார் 16, 17 மில்லிசெகண்ட்தான் தாங்கும். பழசானால் அதுவும் குறையும். ஃபேன் சுற்றிய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். பல்பு லேசாக மங்கியது கண்ணில் படாது. கம்ப்யூட்டருக்கோ அது முழு பவர்கட்.

“இன்வெர்ட்டர் இருக்கே, அப்புறம் எப்படி?” என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும்: ஒரு பக்கம் ‘யூபிஎஸ்’, மறுபக்கம் ‘நார்மல்’ அல்லது ‘எக்கோ’. நார்மலில் இருந்தால், பேட்டரிக்கு மாற சில பத்து மில்லிசெகண்ட் ஆகலாம். ஃபேனுக்கு அது போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது. யூபிஎஸ் பக்கம் தள்ளினால் 10 மில்லிசெகண்ட் அளவில் மாறிவிடும். பைசா செலவில்லை. ஆனால் அந்த மோடில் வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே போனாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவும். லோ வோல்டேஜ் உள்ள தெருவில் பேட்டரி சீக்கிரம் தேயும். அப்படிப்பட்ட இடத்தில் கம்ப்யூட்டருக்குத் தனி யூபிஎஸ் வாங்குவதே நல்லது.

தனி யூபிஎஸ் ஏற்கெனவே இருக்கிறதா? அதன் பேட்டரி பொதுவாக இரண்டு, மூன்று வருஷம்தான். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, 60 வாட் குண்டு பல்பு ஒன்றை அதில் மாட்டி, சுவர் ஸ்விட்ச்சை அணையுங்கள். பல்பும் உடனே அணைந்தால் கோளாறு யூபிஎஸ்ஸில். லேசர் பிரிண்டரை அதே யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். பிரிண்டர் சூடாகும்போது இழுக்கும் கரண்டில் யூபிஎஸ்ஸே திணறும். பில்லிங் போடும் கடைகளில் அடிக்கடி நடக்கும் தப்பு இது.

கரண்ட் சரியாக இருந்தும் ரீஸ்டார்ட் ஆனால்?

கேம், வீடியோ எடிட்டிங் என்று பெரிய வேலை தொடங்கினதுமே அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். நண்பரிடம் ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் நல்ல சோதனை. அரை மணி நேரம் ஓடிய பிறகு அணைந்தால் சூடு. ஏலக்காய் குடோனிலோ அரிசி மில்லிலோ இருக்கும் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் காரணம் அங்கேயே படிந்திருக்கும். ப்ளோயரால் ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். நேரம் காலமே இல்லாமல் அணைந்தால், ராமைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டுங்கள்.

விண்டோஸே எழுதிவைக்கும் டைரியும் இருக்கிறது. ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். ‘கெர்னல்-பவர் 41’ என்று இருந்தால் பதற வேண்டாம். அது நோயின் பெயர் இல்லை, ‘ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை’ என்ற குறிப்பு மட்டுமே. அதன் டீட்டெய்ல்ஸில் ‘பக்செக்கோட்’ 0 என்றால் பெரும்பாலும் கரண்ட் அல்லது ஹார்டுவேர். வேறு எண் என்றால் ப்ளூ ஸ்கிரீன் வந்திருக்கிறது, டிரைவரையோ ராமையோ பாருங்கள். எண் 1074 என்றால் அப்டேட் போன்ற ஏதோ ஒன்று முறைப்படி ரீஸ்டார்ட் கேட்டிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் வைரஸைத் திட்டுவதும் சரியில்லை. 2024 ஜூலை 19-ல் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. பல திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. காரணம், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்.

உங்கள் குறிப்பில் லைட் சிமிட்டலும் ரீஸ்டார்ட்டும் ஒரே நேரம் என்று வந்தால், அந்த நேரங்களோடு மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987-க்குப் புகார் சொல்லுங்கள். மிக்ஸி போட்டதும் சில லைட் மங்கி, வேறு சில லைட் பளிச்சென்று கூடுதலாக எரிந்தால் மட்டும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். நியூட்ரல் லூஸாக இருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு உடனே கூப்பிடுங்கள்.